வேதாளம் கேட்ட கேள்வி



குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தவர் சம்பள நாளன்று கடைப்பக்கம் திரும்பினால், "வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிடுச்சு" என்கிறோம். அந்த வேதாளத்தின்மேல் எனக்கு ஆசை வந்தது 1990இல், ஒன்பதாவது வயதில்.

சம்பளம் போட்ட மறுநாள் அப்பா என்னைப் பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏற்றிப் பினாங்குக்குக் கூட்டிப் போனார். பினாங்கு ஸ்திரீட்டில் அம்மாவுக்குச் சேலை எடுத்த மீதிக் காசில் எனக்கு ஓர் 'அம்புலிமாமா' கிடைத்தது. திரும்பும்போது அதைப் பிரித்தேன். கையில் வாள், தோளில் பிணம், இருட்டில் நடக்கும் ராஜா விக்கிரமாதித்தன்! பெர்ரி கரை சேர்ந்ததே தெரியவில்லை.

நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய பத்திரிகை அது. 2013இல் நின்றுபோயிற்று. அந்த ராஜாவை வரைந்த ஓவியர் சங்கர் 2020இல் காலமானார். பழைய வடமொழி நூலில் வேதாளக் கதைகள் 25தான். அம்புலிமாமாவோ வேறு கதைகளையும் வேதாளத்தின் வாயில் வைத்து ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்தது. ஒவ்வொரு கதையின் முடிவிலும் வேதாளம் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் ராஜாவின் தலை வெடித்துவிடும். சொன்னாலோ வேதாளம் பிணத்தோடு மரத்துக்கே பறந்துவிடும்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பால் வெட்டிய களைப்போடு உட்கார்ந்து, "ராஜா பதிலைச் சொல்லாதே, நான் சொல்றேன்" என்பார். பிறகு தோட்டம் கைமாறி லயத்தைக் காலி செய்தபோது, அலமாரியையே விட்டுவிட்டு வந்த அப்பா அந்தப் புத்தகக் கட்டை மட்டும் சைக்கிளில் கட்டிக்கொண்டார்.

போன மாதம் அதிலிருந்து ஒரு கதையை வகுப்பில் சொன்னேன். நான்கு சகோதரர்கள். ஒருவன் கிடந்த எலும்பில் சதை சேர்த்தான். அடுத்தவன் தோலும் மயிரும், மூன்றாமவன் மற்ற உறுப்புகளும் கொடுத்தான். நான்காமவன் உயிர் கொடுத்தான். எழுந்த சிங்கம் நால்வரையும் கொன்றது. குற்றம் யாருடையது? சிங்கம் என்று கண்டும் உயிர் கொடுத்தவனுடையது என்பது ராஜாவின் தீர்ப்பு. அதை நான் சொல்லவில்லை. காத்திருந்தேன்.

வருகைப் பதிவுக்குக்கூடத் தலையை மட்டுமே ஆட்டும் ஒரு சிறுமி எழுந்தாள். "நாலு பேரும்தான் ஐயா. என்ன செய்யுறோம்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கவே இல்லையே!"

ராஜாவுக்கும் தோன்றாத பதில்! இத்தனை நாள் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். தெரியாதது எனக்குத்தான். அவளை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பெற்றோர்களே, பிள்ளை கதைப்புத்தகம் எடுத்தால் "பாடத்தைப் படி" என்று பிடுங்காதீர்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "நீ என்ன நினைக்கிறே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்குப் படிப்பு வேண்டாம். பத்து நிமிடம் போதும்.