பிடுங்கிய பல் எத்தனை? காப்பாற்றிய பல் எத்தனை?

காட்டுமன்னார்கோயில் தாலுக்காவில் நடவு நட்டும் கதிர் அறுத்தும் பிழைக்கிற விவசாயத் தொழிலாளிக்குப் பல்வலி வந்தால் என்ன நடக்கிறது? முதல் நாள் கிராம்பை வைத்துக் கடித்துக்கொள்கிறார். இரண்டாம் நாள் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்குகிறார். முகம் வீங்கி, கஞ்சி கூட உள்ளே இறங்காமல் போன பிறகுதான் பஸ் ஏறுகிறார். அதற்குள் சொத்தை வேர் வரை போயிருக்கும். பெரும்பாலும் அவருக்கு மிஞ்சுகிற வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: பல்லைப் பிடுங்குவது.

வசதி படைத்தவர் வீட்டுக் கதை வேறு. அந்தக் குடும்பத்துக்கென்று ஒரு பல் டாக்டர் இருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு போய்க் காட்டி வருகிறார்கள். சொத்தை கடுகளவு இருக்கும்போதே அடைத்துவிடுகிறார். ஆழமாகப் போயிருந்தால் ரூட் கேனால் செய்து மேலே கேப் போடுகிறார். பையனுக்குப் பல் கோணினால் கம்பி கட்டுகிறார். தாத்தாவுக்குப் பல் செட் செய்து கொடுக்கிறார். இதிலே எதையும் நாம் தவறென்று சொல்லவில்லை. இதுதான் வைத்தியம். நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: இந்த வைத்தியம் நடவு வயலில் நிற்கிற குடும்பத்துக்கு ஏன் இல்லை?

ஒரே நோய், இரண்டு வைத்தியம். காசுள்ளவர் பல் காப்பாற்றப்படுகிறது. காசில்லாதவர் பல் பிடுங்கப்படுகிறது. இது தலைவிதி அல்ல. மனிதர்கள் செய்து வைத்த ஏற்பாடு. ஆகவே மனிதர்களால் மாற்றக்கூடியது.

கூலியும் ரூட் கேனாலும்

கணக்கைப் பார்ப்போம். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கென்று மத்திய சர்க்கார் அறிவித்த நாட்கூலி 336 ரூபாய். ஒரு கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனாலும் கேப்பும் சேர்த்து 6,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். அது 18 நாள் கூலி. மூன்று தடவை போய்வர வேண்டுமென்றால் மூன்று நாள் வேலையும் போயிற்று. ஆக, ஒரு பல்லுக்கு 21 நாள் உழைப்பு! இந்த 21 நாளும் அந்த வீட்டில் உலை வைக்க வேண்டாமா? பஸ் கட்டணம் யார் கொடுப்பது?

பிடுங்கிவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்தது. தொழிலாளி "பிடுங்கிடுங்க, சாமி" என்கிறார். அவர் விரும்பியா சொல்கிறார்? அவருடைய கூலி அப்படிச் சொல்ல வைக்கிறது. இப்படி ஒவ்வொன்றாகப் போய், ஐம்பது வயதில் வாய் பொக்கையாகிறது. சோற்றைக் குழைத்து விழுங்க வேண்டியதுதான். நிலக்கடலையும் முறுக்கும் மட்டுமல்ல, கீரைத்தண்டும் கறித்துண்டும் கூட அவருக்கு எட்டாத பண்டமாகிவிடுகின்றன.

அறியாமை என்ற பழி

இதற்குக் கனவான்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, வெற்றிலையும் புகையிலையும் போடுகிறார்கள், பல்லைச் சரியாகத் துலக்குவதில்லை" என்கிறார்கள்.

புகையிலை கெடுதல்தான். வாய்ப்புற்றுக்கு அது நேர்வழி. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால், விடியலுக்கு முன்பே வயலில் இறங்கிக் குனிந்த முதுகு நிமிராமல் உழைக்கிறவர், பசியை அடக்கத்தான் புகையிலையை அடக்கிக்கொள்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்!

2002-03ல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. 12 வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் சொத்தைப் பல் இருந்தது. உலகத்தில் 350 கோடிப் பேருக்கு வாய் நோய்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022ல் அறிவித்தது. 350 கோடிப் பேரும் மூடர்களா? சர்க்கரை வாயில் தங்குகிறது; கிருமி அதைத் தின்று அமிலத்தைக் கக்குகிறது; அமிலம் பல்லை அரிக்கிறது. சொத்தையின் ரகசியம் இவ்வளவுதான். மலிவான பிஸ்கட்டையும் மிட்டாயையும் குக்கிராமத்துப் பெட்டிக்கடை வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற கம்பெனிகளுக்கு வழி தெரிந்திருக்கிறது. பல் வைத்தியத்துக்கு மட்டும் வழி தெரியவில்லையாம்!

விழிப்புணர்வு பற்றிப் பேசுகிற சர்க்கார் செய்ததைப் பாருங்கள். ஃப்ளோரைடு கலந்த பற்பசையை உலக சுகாதார நிறுவனம் 2021ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டிலோ, 2017 ஜூலை தொடங்கி 2025 செப்டம்பர் வரை பற்பசைக்கும் பிரஷுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி! அதன் பிறகுதான் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். எட்டு வருஷம் பல் துலக்குவதற்குத் தண்டம் வாங்கியவர்கள், "பல் துலக்கு" என்று உபதேசம் செய்கிறார்கள்.

டாக்டர் பஞ்சமா?

"கிராமத்துக்கு வர டாக்டர் இல்லை" என்பது அடுத்த சாக்கு. இந்தியாவில் 300க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மிகப் பெரும்பாலானவை தனியாருடையவை. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிப் படித்து வெளியே வருகிற பிள்ளைகள் வேலையின்றித் திண்டாடுகிறார்கள். கம்பெனி கிளினிக்குகளில் சொற்பச் சம்பளத்துக்கு உழைக்கிறார்கள். ஒரு பக்கம் நோயாளி இல்லாத டாக்டர். மறு பக்கம் டாக்டர் இல்லாத நோயாளி! இரண்டு பேருக்கும் நடுவே நிற்பது என்ன? சர்க்கார் உருவாக்க மறுக்கிற உத்தியோகம்.

தமிழ்நாட்டில் 1953ல் சென்னையில் அரசுப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. நெடுங்காலம் அது ஒன்றுதான் அரசுக் கல்லூரி. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1980ல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி வந்தது. 2013ல் பல்கலைக்கழகத்தை மாநில சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஆனால் கட்டணம்? அரசுக் கல்லூரியில் பல் மருத்துவத்துக்கு வருஷம் 12,000 ரூபாய் கூட ஆகாதபோது, இங்கே சுமார் மூன்றரை லட்சம்! 2020 டிசம்பரில் மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். விடுதியைக் காலி செய்யச் சொன்ன பிறகும் கலையவில்லை. 50 நாட்களுக்கு மேல் உறுதியாக நின்றார்கள். 2021 ஜனவரி இறுதியில் சர்க்கார் பணிந்தது. கல்லூரிகள் சுகாதாரத் துறைக்கு மாறின. கட்டணமும் அரசுக் கட்டணமாயிற்று.

இது மாணவர்கள் ஈட்டிய வெற்றி. ஆனால் பாதி வெற்றிதான். கல்லூரி மக்கள் சொத்தாகிவிட்டது. அதன் பயன் மக்கள் வாசலுக்கு வர வேண்டும். காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம் சுமார் 25 கிலோமீட்டர். கூலியை இழந்து போய்வர முடிந்தவருக்கு மட்டும் அந்தக் கதவு திறந்திருந்தால் போதுமா?

சந்தையிடம் விட்டால்

"தனியார் கிளினிக்குகள் பெருகினால் போட்டியில் எல்லாம் சரியாகும்" என்பாரும் உண்டு. வாணியம்பாடியைப் பார்க்கட்டும். அங்கே ஒரு தனியார் பல் கிளினிக்கோடு தொடர்புடைய தொற்று, 2023ல் 8 பேர் உயிரைக் குடித்தது. திறந்த சலைன் பாட்டிலைச் சரியாக மூடாமல் மறுபடி மறுபடி பயன்படுத்தியதே கிருமி பரவக் காரணம் என்று விஞ்ஞானிகளின் ஆய்வு 2025ல் சொல்லிற்று. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997லேயே வந்தது. அதற்கு விதிகள் வர 2018 ஆயிற்று! நேர்மையாகத் தொழில் செய்யும் தனியார் டாக்டர்கள் ஏராளம். அவர்களை நாம் பழிக்கவில்லை. கண்காணிப்பு இல்லாத இடத்தில் நோயாளிக்குக் காவல் இல்லை என்றுதான் சொல்கிறோம்.

பணம் இல்லையா?

1948 ஜூலை 5ஆம் தேதி பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது பல் வைத்தியமும் இலவசம். யுத்தம் முடிந்து மூன்றே வருஷம். ரொட்டிக்கும் துணிக்கும் ரேஷன் போட்டிருந்த நாடு அது. 1951ல் கொரிய யுத்தத்தையொட்டி ஆயுதச் செலவு ஏறியபோது, முதலில் கை வைத்தது பல் செட்டிலும் மூக்குக் கண்ணாடியிலும்! சேவையை நிறுவிய மந்திரி அனூரின் பெவன் அதைக் கண்டித்து ராஜினாமா செய்தார். பணம் இல்லாமலா போயிற்று? பீரங்கிக்கு இருந்த பணம் பல்லுக்கு இல்லாமல் போயிற்று.

பிரேசில் பணக்கார நாடு அல்ல. அங்கே 2004ல் பொதுச் சுகாதாரத்தோடு பல் வைத்தியத்தையும் இணைத்து, ஏழைக்கும் அடைப்பு, ரூட் கேனால், பல் செட் என்று திட்டம் வகுத்தார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

நாம் கேட்பவை

ஒன்று: காட்டுமன்னார்கோயில் அரசு ஆஸ்பத்திரி வாசலில் மாதந்தோறும் ஒரு பலகை வைக்கட்டும். இந்த மாதம் பிடுங்கிய பல் எத்தனை, அடைத்த பல் எத்தனை, ரூட் கேனால் எத்தனை, கட்டிய பல் எத்தனை என்று எழுதட்டும். எந்தெந்த நாளில் பல் டாக்டர் இருப்பார் என்பதையும் எழுதட்டும்.

இரண்டு: பிடுங்குவதோடு நிற்காமல் பல்லைக் காப்பாற்றும் சிகிச்சை அனைத்தும் தாலுக்கா ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும். நாற்காலி, எக்ஸ்ரே, அடைக்கும் மருந்து, நிரந்தர உத்தியோகத்தில் டாக்டர்: நான்கும் சேர்ந்து வேண்டும். நடவு, அறுப்புக் காலத்தில் மாலை நேரத்திலும் பார்க்க வேண்டும்.

மூன்று: சிதம்பரம் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியின் டாக்டர்கள், தேதி குறித்து, காட்டுமன்னார்கோயில், குமராட்சி வட்டாரக் கிராமங்களுக்கு வண்டியோடு வர வேண்டும். முகாம் போட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது வைத்தியமல்ல.

நான்கு: பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதாது. சொத்தை கண்ட பிள்ளைக்கு அந்த மாதத்திலேயே அடைக்க வேண்டும்.

இவை ஆகாயத்தைக் கேட்கும் கோரிக்கைகள் அல்ல. வீராணம் ஏரித் தண்ணீர் 2004 முதல் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாய் வழியே ஓடிச் சென்னையின் தாகத்தைத் தீர்க்கிறது. அது ஆக வேண்டிய காரியம், ஆயிற்று. அந்த ஏரிக்கரையில் வாழ்கிற மக்களுக்கு 25 கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஒரு பல் டாக்டர் வருவதற்கு எந்த மலை குறுக்கே நிற்கிறது?

எதுவும் நிற்கவில்லை. கேட்பார் இல்லை என்ற தைரியம்தான் நிற்கிறது. கிராமசபையில் இதைத் தீர்மானமாக வைப்போம். மனு எழுதிக் கையெழுத்து வாங்குவோம். ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பலகை ஏறும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.