தலை திரும்பினால் போதுமா?

2020 அக்டோபர் 19 அன்று கல்கத்தா உயர் நீதிமன்றம், கொரோனா பரவலை முன்னிட்டு, துர்கா பூஜைப் பந்தல்களுக்குள் பார்வையாளர்களை விடக் கூடாது என்று உத்தரவிட்டது. சிறிய பந்தலுக்கு 5 மீட்டர், பெரியதற்கு 10 மீட்டர் தள்ளித் தடுப்பு. அந்த ஆண்டு கொல்கத்தாவில் பலருக்கு அம்மன் தரிசனம் திரையில்தான் கிடைத்தது. நேரலை, 360 டிகிரி வீடியோ, இணைய உலா என்று வந்த எல்லாவற்றின் மீதும் ‘மெய்நிகர்’ என்ற ஒரே பெயர் ஒட்டிக்கொண்டது. கொரோனா போய்விட்டது, அந்தப் பெயர் போகவில்லை. ஒரே இடத்தில் கேமராவை நிறுத்தி எடுத்த 360 டிகிரி படத்தை ஹெட்செட்டில் போட்டுக்காட்டி ‘விஆர்’ என்று சொல்வது நம் தொழிலில் இன்று சாதாரணம். அது சரியல்ல என்பது இவ்விதழின் நிலைப்பாடு.

பந்தலுக்குள் நடப்பதைக் கவனியுங்கள். ஒரே சட்டத்துக்குள் துர்கையும் நான்கு பிள்ளைகளும் நிற்கும் ‘ஏக்சாலா’ அமைப்பில், நீங்கள் ஓரடி இடப்பக்கம் நகர்ந்தால் முன்கை பின்கையை மறைக்கிறது; சூலத்தின் தண்டு மகிஷனின் தோளைத் தாண்டி நகர்கிறது; சோலாத் தக்கையில் செதுக்கிய கிரீடத்தின் ஓரம் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கிறது. குனிந்தால் சிங்கத்தின் வாய்க்குள் தெரிகிறது. களிமண்ணில் இவ்வளவு ஆழத்தைக் கொல்கத்தாவின் குமார்துலிச் சிலைக் கலைஞர் வைத்தது நாம் நகர்ந்து பார்ப்போம் என்பதற்காகத்தான். 360 டிகிரி படத்தில் தலையைத் திருப்பலாம், அண்ணாந்து பார்க்கலாம், சாய்க்கலாம். ஆனால் அரையடி முன்னே குனிந்தால் ஒன்றும் மாறாது; படக்கோளம் முழுவதும் உங்கள் தலையோடு சேர்ந்தே வரும். உடம்பு நகர்ந்தது என்று உள்காது சொல்கிறது, நகரவில்லை என்று கண் சொல்கிறது. பலருக்குக் குமட்டல் தொடங்கும் இடம் அதுதான். இரு கண்ணுக்கும் தனிப் படம் கொடுத்து முப்பரிமாணமாக எடுத்தாலும் தீராது. தலையைத் தோள் பக்கம் சாய்த்ததும் ஆழம் குலைந்துவிடும். நேர் மேலேயும் நேர் கீழேயும் பார்த்தாலும் அப்படியே. கேமராவுக்கு மிக அருகில் நீளும் கை, இரண்டு லென்ஸ்களின் படங்கள் சேரும் கோட்டில் வெட்டுப்படுவதை ஸ்டிச்சிங் செய்கிற ஒவ்வொருவரும் அறிவர்.

1968-இல் ஐவன் சதர்லேண்ட் செய்துகாட்டிய தலைக் கருவியில் தெரிந்தவை வெறும் கோட்டு உருவங்கள். ஆனால் பார்ப்பவர் சில அடி நகர முடிந்தது; நகர்ந்தபோது உருவமும் அதற்கேற்ப மாறியது. விஆர் ஆய்வாளர் மெல் ஸ்லேட்டர் 2009-இல் எழுதிய கட்டுரையும் இதைத்தான் பற்றிக்கொள்கிறது: உடம்பை அசைத்தால் புலன்களுக்கு என்ன மாற வேண்டுமோ அது மாறும்போதுதான் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற உணர்வு பிறக்கிறது. அந்த அளவுகோலில் 360 டிகிரி படம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அதன் வம்சம் வேறு; ராபர்ட் பார்க்கர் 1787-இல் காப்புரிமை பெற்ற வட்ட ஓவியக் கூடத்திலிருந்து வருவது அது. கொல்கத்தா சயன்ஸ் சிட்டியிலேயே மனிதப் பரிணாமம் பற்றிய வட்டக் காட்சியும் விண்வெளி அரங்கின் கவிகைத் திரையும் இருக்கின்றன. அவற்றை விஆர் என்று சொல்லாததால் அவற்றின் மதிப்பு துளியும் குறையவில்லை.

இதைச் சொல்வதால் 360 டிகிரி படத்தை நாம் மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். சாத்தாரி அகதி முகாமைக் காட்டிய ‘கிளவுட்ஸ் ஓவர் சிட்ரா’ (2015) அந்த வடிவத்தில்தான் வந்தது. இந்தியாவில் ‘ரைட் டு பிரே’ (2016) படமும் அப்படியே. அஷ்டமி முடிந்து நவமி பிறக்கும் 48 நிமிட சந்திப் பூஜையில் 108 விளக்குகள் ஏற்றப்படுவதையும், டாக் மேள முழக்கத்தில் கூட்டம் கைகூப்பி நிற்பதையும், துனுசித் தூபப் புகைக்குள் ஆடுவோரையும் எந்தக் கணினி மாதிரியும் பிடிக்காது. காலத்தையும் மனிதரையும் பதிவு செய்ய 360 டிகிரி கேமராதான் வேண்டும்.

பெயர் மாறிப்போவதால் கெடுவது வேலை. டெண்டரில் ‘விஆர் அனுபவம்’ என்று இருக்கும். கொடுப்பது பத்து நிமிட வீடியோவாக இருக்கும். ஆறு வகை அசைவையும் அறியும் ஹெட்செட், மூன்றை மட்டும் அறிந்து சும்மா கிடக்கும். பணம் கொடுத்தவர் ‘விஆர் என்றால் இவ்வளவுதானா?’ என்று முடிவுகட்டிவிட்டால், அடுத்து உண்மையான விஆர் செய்ய வருகிறவருக்குக் கதவு சாத்தியிருக்கும்.

பந்தலைப் பொறுத்தவரை இழப்பு இன்னும் பெரிது. கொல்கத்தா துர்கா பூஜை 2021 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஆனால் மாதக்கணக்கில் மூங்கிலும் துணியும் கொண்டு எழுப்பிய தீம் பந்தல் சில நாளில் பிரிக்கப்படுகிறது. சிலை ஆற்றில் கரைகிறது. ஒரு புள்ளியிலிருந்து எடுத்த வீடியோ மட்டும் மிஞ்சினால், முப்பது ஆண்டு கழித்து ஒரு மாணவி அந்தத் தூணுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பார்க்க வழியே இல்லை. லைடாரும் ஃபோட்டோகிராமெட்ரியும் சேர்ந்தால் வழி உண்டு. ஜரிகைத் தகடும் கண்ணாடியும் மின்னும் இடங்களில் ஃபோட்டோகிராமெட்ரி தடுமாறும். 2023-இல் வந்த காஸியன் ஸ்ப்ளாட்டிங் அந்த மினுக்கத்தை ஓரளவு நன்றாகவே தாங்குகிறது. கூட்டம் மட்டும் இந்த முறைகள் எதற்கும் ஆகாது.

எனவே, இந்த ஆண்டு பூஜைப் பணி எடுக்கும் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். பந்தல் திறப்பதற்கு முந்தைய இரவைக் கமிட்டியிடம் கேட்டு வாங்குங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத அந்த நேரத்தில் இடத்தை முழுதாக அளந்து எடுத்துவிடுங்கள். பூஜை நாளில் 360 டிகிரி கேமராவை நிறுத்துங்கள். ஒப்பந்தத்திலும் சுவரொட்டியிலும் ‘தலையைத் திருப்பிப் பார்க்கலாம்’, ‘நடந்து பார்க்கலாம்’ என்று இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். நடந்து பார்க்க முடியாத எதற்கும் விஆர் என்று பில் போடாதீர்கள்.