லைன் கிளியர்

திருச்சிக்கு வருகிற விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போக ஒரு வழக்கமான ரூட் உண்டு. மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், கல்லணை. வெயில் தாங்காத பேர்வழிகள் என்றால் மியூசியம். ராணி மங்கம்மாள் மண்டபத்தில் அரசாங்க மியூசியம் இருக்கிறது. ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்ளேயே ஒரு சின்ன மியூசியம், தந்தச் சிற்பங்களோடு இருக்கிறது. இரண்டிலும் இருப்பவை பெரும்பாலும் சாமிகளுக்கும் ராஜாக்களுக்கும் சொந்தமானவை. பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம். 'அட, இது எங்க வீட்ல இருந்துதே!' என்று மட்டும் சொல்ல முடியாது.

அப்படிச் சொல்ல வைக்கிற இன்னொரு மியூசியம் ஜங்ஷன் பக்கத்தில் இருக்கிறது. ரயில்வே பாரம்பரிய மையம். 2014-ல் திறந்தார்கள். வெளியே ஒரு மீட்டர்கேஜ் நீராவி எஞ்சின் ஓய்வு பெற்ற பயில்வான் மாதிரி நிற்கிறது. உள்ளே மணி, கடிகாரம், கைவிளக்கு, பேட்ஜ், பீங்கான் கோப்பை, பழைய போட்டோ, மேப், சட்டதிட்டப் புத்தகம்... ஒரு பழைய ஸ்டேஷனைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினால் என்னென்ன விழுமோ, அத்தனையும்.

இதற்குத் திருச்சியை விட்டால் பொருத்தமான ஊர் கிடையாது. நாகப்பட்டினத்திலிருந்து இங்கே 1860-களின் ஆரம்பத்திலேயே ரயில் வந்துவிட்டது. சவுத் இந்தியன் ரயில்வே என்ற கம்பெனி 1874-ல் பிறந்தது. நாகப்பட்டினத்தில் இருந்த ஒர்க்‌ஷாப்பை 1920-களின் இறுதியில் பொன்மலைக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் என்ன, தெருவுக்கு நாலு ரயில்வே குடும்பம். இந்த ஊரில் பையன் ரயில்வேயில் வேலை என்றால் பெண் வீட்டார் ஜாதகத்தைக்கூட அப்புறம்தான் கேட்பார்கள். "வருஷத்துக்கு எத்தனை பாஸ்?" என்பதுதான் முதல் கேள்வி.

என்னோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பெரியப்பா. வயது 83. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிடையர் ஆனவர். இன்றைக்கும் கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டால், கையை ஒரு தரம் இடமும் வலமும் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். இன்னொருவன் தங்கை மகன். வயது 10. அரை டிக்கெட்.

இந்த 'அரை டிக்கெட்' என்ற வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

"மாமா, ஏன் என்னை எல்லாரும் அரை டிக்கெட்னு சொல்றீங்க? டிக்கெட்டைப் பாதியா கிழிப்பாங்களா?"

அவன் பார்த்த டிக்கெட் எல்லாம் போனில் வருகிற குறுஞ்செய்தி. அதை எப்படிக் கிழிப்பது? பெரியப்பா சட்டைப்பையிலிருந்து சின்ன டைரியை எடுத்து, அதற்குள் பத்திரமாக வைத்திருந்த ஒரு பழுப்பு அட்டையை நீட்டினார். பழைய அட்டை டிக்கெட். சுமார் 57 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம். உலகம் பூராவும் ஏறக்குறைய இதே அளவுதான்.

இதைக் கண்டுபிடித்தவர் தாமஸ் எட்மண்ட்சன் என்ற இங்கிலாந்துக்காரர். மரச்சாமான் செய்கிற தொழிலில் இருந்து நொடித்துப்போய், 1836-ல் ஒரு குட்டி ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டராக வேலைக்குச் சேர்ந்தார். அதுவரை டிக்கெட்டைப் பேப்பரில் கையால் எழுதிக்கொடுப்பார்கள். எழுதுகிறவர் எத்தனை எழுதினார், எத்தனை பைசாவைக் கஜானாவில் போட்டார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். எட்மண்ட்சன் ஒவ்வொரு அட்டையிலும் வரிசை எண்ணை அச்சடித்தார். சாயங்காலம் கடைசி நம்பரிலிருந்து முதல் நம்பரைக் கழித்து, கட்டணத்தால் பெருக்கினால் கணக்கு முடிந்தது. காசு குறைந்தால் கையைப் பிடித்துவிடலாம். கம்ப்யூட்டர் வருவதற்கு 150 வருஷத்துக்கு முன்னால், ஒரு துண்டு அட்டை செய்த வேலை அது. தேதி அடிக்கிற மெஷினில் 'டக்'கென்று ஒரு குத்து. அந்தச் சத்தம் கேட்டால்தான் ஊருக்குப் போகிறோம் என்ற நம்பிக்கையே வரும்.

"இது எந்த ஊர் டிக்கெட் பெரியப்பா?"

"ஸ்ரீரங்கம். வைகுண்ட ஏகாதசி கூட்டம். கவுன்ட்டர்ல உட்கார்ந்தா மூச்சு விட நேரம் இருக்காது."

"இறங்கினதும் கேட்டுல வாங்கிக்குவாங்களே, உங்க கையில எப்படி?"

பெரியப்பா அட்டையை டைரிக்குள் வைத்துக்கொண்டார். "பையன் முன்னாடி இதெல்லாம் கேக்காதடா."

நியாயம்தான். வெளியே போகும்போது டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே தமிழ்நாட்டில் எந்த வீட்டில் பழைய ரயில் டிக்கெட் கிடைத்தாலும், அதற்குப் பின்னால் ஒரு தூங்கிப்போன டிக்கெட் கலெக்டரோ, நின்றுபோன பயணமோ கண்டிப்பாக இருக்கும்.

கடிகாரங்களையும் பேட்ஜ்களையும் தாண்டிப் போனோம். பேட்ஜில் இருப்பது பதவியும் நம்பரும். அதைக் குத்திக்கொண்ட ஆளின் பெயர் இருக்காது. 1946 செப்டம்பர் 5-ந் தேதி பொன்மலையில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 5 ரயில்வே தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். அந்த ஊரில் இன்றும் அந்த நாளை நினைவு வைத்திருக்கிறார்கள். பித்தளையை அருகில் போய்ப் பார்க்கும்போது அந்த நினைப்பு வராமல் இல்லை.

டோக்கன் மெஷின் முன்னால்தான் பெரியப்பா நின்றுவிட்டார். பூட்டுப் போட்ட உண்டியல் மாதிரி ஒரு சமாசாரம். கைப்பிடி, மணி, சாவித் துவாரம். பையன் எட்டிப் பார்த்தான்.

"தாத்தா, இது என்ன மெஷின்? காசு போட்டா பால் வருமா?"

"பால்தான் வரும். ஆனா காசுக்கு இல்லடா, உசிருக்கு."

அதன் பெயர் நீல்ஸ் பால் டோக்கன். பால் என்றால் கையடக்கமான இரும்பு உருண்டை. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரும் புதிருமாக வண்டி ஓடுகிறது. இரண்டு வண்டி நேருக்கு நேர் வந்துவிட்டால்? அதற்காக அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் ஆளுக்கொரு மெஷின். இரண்டுக்கும் நடுவே கம்பித் தொடர்பு. இந்த ஸ்டேஷன் மாஸ்டர் மணியடித்துக் கேட்பார். அந்த ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதித்தால்தான் மெஷின் ஒரே ஒரு உருண்டையை வெளியே விடும். அதற்குப் பிறகு இரண்டு மெஷினும் பூட்டிக்கொள்ளும். அந்த உருண்டை ஏதாவது ஒரு மெஷினுக்குள் போய் விழுகிறவரை, தலைகீழாக நின்றாலும் இன்னொன்று வராது. உருண்டை எந்த எஞ்சினில் இருக்கிறதோ, அதற்கு மட்டும்தான் அந்தப் பாதை சொந்தம். இதற்குத்தான் லைன் கிளியர் என்று பேர்.

இவ்வளவும் எழுதிப்போட்டால் யாரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். பெரியப்பா சொன்னது வேறு.

"வண்டி நிக்காத ஸ்டேஷன்ல, ஓடற வண்டிக்குக் கொடுக்கணும்டா. உருண்டையைத் தோல் பையில போட்டு, பெரிய வளையத்துல மாட்டி, பிளாட்பார ஓரமா தூக்கிப் பிடிச்சுட்டு நிக்கணும். எஞ்சின்ல இருக்கிறவன் கையை வளைச்சு உள்ளே விட்டு வாங்கிக்குவான். அதே சமயம் பழைய வளையத்தை வீசுவான். ராத்திரி, மழை, புகை. கையை இறுக்கிப் பிடிச்சா தோள்பட்டை போயிடும். லூசா பிடிச்சா வளையம் கீழ விழுந்து வண்டி நின்னுடும்."

"அப்ப எப்படிப் பிடிக்கணும் தாத்தா?"

பெரியப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். குடையைப் பையனிடம் கொடுத்தார். அவனைச் சுவரோரமாக நிற்க வைத்து, முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, மணிக்கட்டைத் தளர்த்தி, உடம்பை ஒருக்களித்து நிறுத்தினார். பத்தடி பின்னால் போனார். 83 வயசு மனிதர் 'புஸ்... புஸ்...' என்று சத்தம் கொடுத்தபடி நடந்து வந்து, கையை வளைத்துக் குடையை 'சரக்'கென்று உருவிக்கொண்டு போனார். அங்கே இருந்த காவலாளி முதலில் எழுந்தார், அப்புறம் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"இப்ப நீ எஞ்சின்" என்றார் பெரியப்பா.

மூன்று தரம் ஆயிற்று. மூன்றாம் தரம் பையன் சரியாக வாங்கினான்.

அடுத்து கைவிளக்கு. மண்ணெண்ணெய் ஊற்றி எரிப்பது. திருகினால் சிவப்பு, பச்சை, வெள்ளை என்று மாறும். பையனுக்கு இது பிடித்துப்போயிற்று. "டிஸ்கோ லைட்!" என்றான். பெரியப்பா சிரிக்கவில்லை.

"அரியலூர் தெரியுமாடா உனக்கு?"

1956 நவம்பர் 23. ராத்திரியெல்லாம் மழை. மெட்ராஸிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ், விடிகாலையில் அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்துக்கு வந்தது. வெள்ளம் அடித்துப் பாலம் பலவீனமாகியிருந்தது. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். பொறுப்பேற்று ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அது நமக்குப் பள்ளிக்கூடத்துப் பாடத்திலிருந்து தெரியும். பெரியப்பாவுக்குத் தெரிந்தது அதன் மறுபக்கம். மழைக்காலத்து ராத்திரிகளில் ஒரு கேங்மேன், இந்த மாதிரி ஒரு விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்தோடு மைல் கணக்கில் நடப்பார். எங்காவது மண் சரிந்திருந்தால், வருகிற வண்டிக்கு எதிரே சிவப்பைக் காட்டிக்கொண்டு ஓட வேண்டும். தண்டவாளத்தில் பட்டாசு மாதிரி ஒரு வில்லையைக் கட்டிவைத்தால், சக்கரம் ஏறும்போது வெடித்து டிரைவரை எச்சரிக்கும். அதையும் பையில் வைத்திருப்பார்.

"மழையில இது அணையாம பார்த்துக்கணும். எப்படின்னு எனக்கு ஒரு கேங்மேன்தான் காட்டிக்கொடுத்தார். காத்து எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் தோளைக் கொடுத்து, விளக்கை வயித்தோட அணைச்சுக்கிட்டு நடக்கணும். குழந்தையத் தூக்கிட்டுப் போற மாதிரி."

பையன் அதற்குப் பிறகு டிஸ்கோ லைட் என்று சொல்லவில்லை.

விளக்கு இருக்கிறது. இனி ஐநூறு வருஷம் இருக்கும். கண்ணாடிப் பெட்டி, ஈயாது, எறும்பாது. ஆனால் அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்த அந்தப் பிடி இருக்கிறதே, அதை எந்தப் பெட்டியில் வைப்பது? இப்போதைக்கு அது திருச்சியில் பொன்மலையிலும், கல்லுக்குழியிலும், ஸ்ரீரங்கத்திலும், ஈஸிசேரில் சாய்ந்தபடி பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறது. 'எங்க காலத்துல...' என்று ஆரம்பித்தால், வீட்டில் இருப்பவர்கள் டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறார்கள்.

வார்த்தைகள் மட்டும் சாமர்த்தியமாகத் தப்பித்துக்கொண்டன. கல்யாணத்துக்கு மாமனார் சம்மதித்தால் 'லைன் கிளியர்' என்கிறோம். சம்மதிக்க வைத்தவர் 'பச்சைக்கொடி காட்டினார்'. பையனின் வண்டவாளம் தண்டவாளம் ஏறினால் பேச்சு 'தடம் புரண்டது'. பெரியவர் ஒருவர் காலமானால் 'டிக்கெட் வாங்கிட்டார்'. கைகாட்டி மரத்தையே பார்த்திராதவர்களும் வாழ்க்கைக்கு யார் யாரையோ கைகாட்டி என்று மேடையில் பாராட்டுகிறார்கள். ரயில்காரர்கள் தமிழுக்கு வாரி வழங்கியவை எல்லாம் பத்திரமாகப் புழக்கத்தில் இருக்கின்றன.

இன்னொன்றும் தோன்றியது. ரயில்வே மியூசியம் ரயில்வேயின் சொத்தைத்தான் வைக்கும். பயணியின் சொத்தை யார் வைப்பது? மூன்றாம் வகுப்பு என்று ஒன்று 1974 வரை இருந்தது. மரப் பலகைதான் ஆசனம். இரண்டாம் வகுப்புப் படுக்கைக்கு 2 அங்குல மெத்தை போட ஏற்பாடு செய்தவர் 1977-ல் ரயில்வே மந்திரியாக வந்த மது தண்டவதே. அதற்கு முன்னால் ராத்திரி முழுக்க மரப் பலகையில் பயணம் செய்த ஜனங்கள் கொண்டுபோனது ஹோல்டால், திருகு மூடி போட்ட கூஜா, புளியோதரைத் தூக்கு, தகர டிரங்குப் பெட்டி. இவை எல்லாம் உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அவற்றுக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. கூஜா மூடியை ஓடுகிற வண்டியில் ஒரு சொட்டு சிந்தாமல் திறப்பது, ஹோல்டாலைப் பிளாட்பாரத்தில் முழங்கால் போட்டு அமுக்கிக் கட்டுவது எல்லாம் ஒரு வித்தை. பழைய இரும்புக்காரருக்குப் போடுவதற்கு முன்னால், வீட்டுப் பெரியவரிடம் ஒரு தரம் கொடுத்து, செய்துகாட்டச் சொல்லுங்கள். குழந்தைகளை எதிரே உட்கார வையுங்கள். அவர் சொல்வதை ஒரு சீட்டில் எழுதி அதிலேயே கட்டிவையுங்கள். பொருளை அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல நேரம். பரணில் ஏறுகிறவர் நீங்கள் என்றால், ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள மறக்காமல் ஒரு ஆளை நிறுத்துங்கள். கீழே இருக்கிறவர் லைன் கிளியர் கொடுத்த பிறகு இறங்குங்கள்.