மார்பக உள்வைப்பு: மருத்துவமனை சொல்லாததும் மிம்பர் சொல்லாததும்



அறுவை சிகிச்சையின் மூலம் மார்பகத்தில் சிலிக்கோன் வைத்துக்கொள்வது கூடுமா என்று ஒரு பெண் கேட்டால், நம் சமுதாயம் ஒரே சொல்லில் பதிலளித்துவிடுகிறது: ஹராம். கேட்டவர் யார், எதற்காகக் கேட்கிறார், அவர் உடலுக்கு என்ன நேர்ந்தது என்று விசாரிப்போர் அரிது. மறுபுறம் அழகு சிகிச்சை நிலையங்கள், பல் சுத்தம் செய்வதைப் போன்ற எளிய காரியமாக இதை விளம்பரப்படுத்துகின்றன. இரு தரப்புக்கும் நடுவே நிற்கும் பெண்ணுக்கு, அவள் அறிந்தாக வேண்டியதை எவரும் சொல்வதில்லை. மார்க்கத்தைக் கேட்டறிவதற்கு அன்ஸாரிப் பெண்களை வெட்கம் தடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்க, நாம் மட்டும் ஏன் வாய் மூடி இருக்க வேண்டும்?

பிரான்ஸில் நடந்ததை முதலில் பார்ப்போம். 1991-இல் ழான் கிளோட் மாஸ் என்பவர் அந்நாட்டின் தென்கரையில் பி.ஐ.பி. என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் உள்வைப்புகள் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாயின. ஐரோப்பியத் தரச்சான்று முத்திரையும் அவற்றின் மீது இருந்தது. 2010-இல் பிரெஞ்சு அதிகாரிகள் ஆலையைச் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. மனித உடலுக்கென அனுமதிக்கப்பட்ட ஜெல்லுக்குப் பதிலாக, விலை குறைந்த தொழிற்சாலை ரகச் சிலிக்கோனை நிரப்பியே விற்றிருந்தார்கள். சான்றளித்தவர்கள் வருகைத் தேதியை முன்னரே அறிவித்துவிட்டே தணிக்கைக்கு வந்ததால், மறைக்க வேண்டியதை மறைக்க அவகாசம் இருந்தது. 2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசு, தன் நாட்டில் மட்டும் சுமார் 30,000 பெண்களுக்கு அவற்றை அகற்றிக்கொள்ளுமாறு பரிந்துரைத்தது. உலகம் முழுவதும் பாதிக்கப்பட்டோர் இலட்சக்கணக்கில் இருந்தனர். 2013-இல் மர்சேய் நீதிமன்றம் மாஸுக்கு நான்காண்டுச் சிறையும் 75,000 யூரோ அபராதமும் விதித்தது. நான்கு ஆண்டுகள்தான்!

இது ஒரு மோசடிக்காரனின் கதை, எல்லா நிறுவனமும் அப்படியல்ல என்று சிலர் வாதிடக்கூடும். உண்மைதான். ஆகவே, மோசடி ஏதுமின்றி, சட்டப்படி அனுமதி பெற்று விற்கப்படும் பொருளையே எடுத்துக்கொள்வோம். மார்பக உள்வைப்பு ஆயுள் முழுவதும் நிலைக்கும் பொருளல்ல என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமே வெளிப்படையாகக் கூறுகிறது. அழகுக்காகப் பொருத்திக்கொள்ளும் பெண்களில் ஐவரில் ஒருவர் வரை, 8 முதல் 10 ஆண்டுகளுக்குள் அதனை அகற்ற நேரிடுகிறது என்பதும் அதன் கூற்றே. உடல் தானாகவே அந்தப் பொருளைச் சுற்றி ஒரு தழும்புத் திசுவை வளர்க்கிறது. சிலருக்கு அது இறுகி, மார்பகம் கல்லாகி, வலியெடுக்கிறது. உப்புநீர் நிரப்பிய பை கிழிந்தால் சுருங்கிவிடுவதால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சிலிக்கோன் ஜெல் பை கிழிந்தாலோ பல நேரங்களில் அறிகுறியே இருப்பதில்லை. ஆகவேதான் வைத்துக்கொண்ட ஐந்தாறு ஆண்டுகளில் ஒருமுறையும், பின்னர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் பரிசோதனை செய்யுமாறு அந்நிர்வாகம் அறிவுறுத்துகிறது. இருபத்தைந்து வயதில் இதைச் செய்துகொள்பவள் அறுபது வயதுக்குள் எத்தனை முறை மயக்க மருந்துக்கு உள்ளாக வேண்டியிருக்கும்? இந்தக் கணக்கை எந்த விளம்பரப் பலகையிலாவது நாம் கண்டதுண்டா?

உள்வைப்பால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நாம் பரப்பக் கூடாது, அதற்கு ஆதாரமில்லை. ஆனால் உள்வைப்பைச் சுற்றியுள்ள திசுவில் தோன்றும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் உண்மையானது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள உள்வைப்புகளோடுதான் அது பெரும்பாலும் தொடர்புடையது. 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. அதுவரை உலகளவில் பதிவான 573 நோயாளிகளில் 33 பேர் இறந்திருந்தனர். இது அரிதான நோய்தான்; தொடக்கத்திலேயே கண்டறிந்தால், உள்வைப்பையும் அதைச் சுற்றிய திசுவையும் அகற்றுவதாலேயே பெரும்பாலானோர் குணமடைகின்றனர். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கினால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதை அறிந்திருந்தால்தானே அது முடியும்!

தாய்ப்பாலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாலூட்டலை இரண்டு முழு ஆண்டுகள் எனக் குறிப்பிட்டுக் கண்ணியப்படுத்திய மார்க்கம் நம்முடையது. உள்வைப்பு உள்ள பலர் பாலூட்டவே செய்கின்றனர். ஆனால் சிலருக்குப் பால் சுரப்பு குறைகிறது, குறிப்பாகக் காம்பைச் சுற்றிக் கீறல் இட்டவர்களுக்கு. மேமோகிராம் எடுக்கும்போதும் உள்வைப்பு திசுவின் ஒரு பகுதியை மறைத்துவிடும். ஆகவே முன்கூட்டியே சொல்லிக் கூடுதல் படங்கள் எடுக்கச் செய்ய வேண்டும். வெட்கத்தால் சொல்லாமல் விட்டால் புற்றுநோய் கண்ணில் படாமல் போகக்கூடும்.

இனி மார்க்கத் தீர்ப்பு. அழகுக்காகப் பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்கி அல்லாஹ்வின் படைப்பை மாற்றும் பெண்கள் சபிக்கப்பட்டதாக வரும் ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நல்ல நிலையிலுள்ள உடலை நாகரிகத்துக்காகப் பெரிதாக்குவதை ஆலிம்கள் தடுப்பதற்கு அதுவே அடிப்படை. ஆனால் குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களின் செய்தியை எத்தனை பயான்களில் கேட்டோம்? வெள்ளியில் செய்து பொருத்திய மூக்கில் துர்நாற்றம் ஏற்பட்டபோது, தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆண்களுக்குத் தடுக்கப்பட்ட தங்கத்தையே இழந்த உறுப்பைச் சீராக்குவதற்கு அனுமதித்தார்கள். 2007-இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும் குறையைச் சீராக்கும் சிகிச்சையையும் வெறும் அலங்காரத்துக்கான சிகிச்சையையும் பிரித்தே தீர்மானித்தது.

புற்றுநோயால் மார்பகத்தை இழந்த சகோதரியை இந்த வேறுபாடு அறியாதவர்கள் காயப்படுத்துகிறார்கள். "உயிர் பிழைத்ததே போதாதா, இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்கள் தம் பல் விழுந்தால் மட்டும் கட்டிக்கொள்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நம் நாட்டின் மருத்துவக் காப்பீட்டு விதிகளே இவ்விரண்டையும் பிரித்திருக்கின்றன. அழகுக்கான பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் தருவதில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் மறுசீரமைப்பை அந்த விலக்கில் சேர்ப்பதில்லை. காப்பீட்டுக் கம்பெனிக்குத் தெரிந்த வேறுபாடு நமக்குத் தெரியவில்லை.

ஆசைப்படும் பெண்ணை மட்டும் சாடுவதும் நியாயமில்லை. பெண் பார்க்கப் போகும் வீட்டில் உடலைக் கண்ணால் அளப்பவர்கள் யார்? திருமணமான பின் திரையில் கண்ட உடலோடு மனைவியை ஒப்பிட்டுக் கேலி பேசும் கணவன் யார்? அவன் நம் வீட்டுப் பிள்ளைதான். அவனுக்கு ஒரு பயானும் இல்லை.

2021 அக்டோபர் முதல் அமெரிக்காவில் உள்வைப்புகள் மீது கட்டமிட்ட எச்சரிக்கை கட்டாயமாக்கப்பட்டது. அபாயங்களின் பட்டியலை நோயாளி படித்து ஒப்பமிடவும் வேண்டும். அந்தச் சட்டம் நம் ஊரைக் கட்டுப்படுத்தாது. ஆகவே மறுசீரமைப்புக்குச் செல்லும் சகோதரியும் அவருடன் செல்பவரும் தாமே கேட்க வேண்டும். மேற்பரப்பு வழவழப்பானதா, சொரசொரப்பானதா? பின்னாளில் அகற்ற நேர்ந்தால் செலவு யாருடையது? உள்வைப்பே இல்லாமல், வயிறு அல்லது முதுகின் திசுவைக் கொண்டு மறுசீரமைக்க இயலுமா? கையெழுத்திடும் படிவத்தில் எழுதியிருப்பதைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள்.

உள்வைப்பின் பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் பெயர், வகை, வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். பி.ஐ.பி. மோசடி வெளியானபோது, தம் உடலுக்குள் இருப்பது யாருடைய பொருள் என்பதே தெரியாமல் மருத்துவமனைகளுக்கு அலைந்த பெண்கள் பலர். நிக்காஹ் பதிவுச் சான்றை வைக்கும் கோப்பிலேயே அந்தச் சீட்டையும் வையுங்கள்.