பழுதுபார்ப்பவரின் கையொப்பம்

ஆரணியில் பட்டுத்தறி முன் சிறிது நேரம் நின்று பார்த்த தோழர்களுக்குத் தெரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்திவிடுகிறார். அறுந்த முனையைத் தேடி எடுத்து, முடிந்து, விழுதிலும் அச்சிலும் உரிய இடத்தில் கோத்த பிறகே மறுபடி மிதிக்கிறார். கவனியாது விட்டால் அக்குறை துணியோடு ஓடும்; கூலியிலே பிடித்தம் விழும். ஒரு சேலைக்கே இத்தனை கவனம் வேண்டுமெனில், நூற்றுக்கணக்கானோரைச் சுமந்து முப்பதாயிரம் அடி உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு எத்தனை கவனம் வேண்டும்?

"விமானத்தைப் பற்றி நமக்கென்ன?" என்று கேட்காதீர்கள். அது சீமான்களின் வாகனமாக இருந்த காலம் மலையேறிவிட்டது. வளைகுடா நாட்டிலே பிழைக்கப் போகும் தொழிலாளியும், அயல்நாட்டு மருத்துவமனைக்குச் செல்லும் செவிலியும் அதில்தான் ஏறுகிறார்கள். அந்த உயிர்களுக்குக் காவல் யார்?

விமானியைப் பயணிகள் அறிவார்கள். பழுதுபார்க்கும் பொறியாளரை அறியார்கள். நள்ளிரவில், கொட்டகை வெளிச்சத்தில், சக்கரத்தையும் இயந்திரத்தையும் சோதிப்பவர் அவர். இத்தனை மணி நேரம் பறந்தபின் இன்ன சோதனை, இத்தனை முறை ஏறி இறங்கியபின் இன்ன உறுப்பு மாற்றம் என்று ஏட்டிலே வகுக்கப்பட்டிருக்கிறது. பராமரிப்பு முடிந்ததும், "பறக்கத் தக்கது" என உரிமம் பெற்றவர் கையொப்பமிட வேண்டும். அது இல்லாமல் நிறுவனத்தின் தலைவரே ஆணையிட்டாலும் விமானம் கிளம்பக் கூடாது.

இந்த ஏற்பாட்டின் அருமையைக் குருதியால் எழுதிய வரலாறு சொல்கிறது. 1976 அக்டோபர் 12 அன்று பம்பாயிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட காரவெல் விமானத்தின் இயந்திரத் தட்டு ஒன்று, உலோகச் சோர்வால் விண்டு சிதறியது. தீ மூண்டது, 95 பேர் மாண்டனர். ஜப்பானிலே 1978இல் வால்பகுதி தரையில் உரசிய ஜம்போ விமானத்தைச் செப்பனிட்டபோது, இரண்டு வரிசை ரிவிட் ஆணிகள் தாங்கவேண்டிய இணைப்பை ஒரே வரிசை தாங்கும்படி விட்டனர். ஏழாண்டுகள் அது பறந்தது. 1985 ஆகஸ்ட் 12 அன்று பின்சுவர் பிளந்தது. 520 உயிர்கள் போயின. 2000 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு விமானத்தின் வால்பகுதித் திருகுத்தண்டு மசகின்றித் தேய்ந்தது; 88 பேர் கடலில் மடிந்தனர். மசகிடும் இடைவெளியை நிறுவனம் நீட்டிக்கொண்டே போயிற்று. அரசின் கண்காணிப்புத் துறையும் அதற்கு இசைந்திருந்தது!

1990இல் இங்கிலாந்தில் நடந்ததோ இன்னும் கருதத்தக்கது. ஆள் பற்றாத இரவுப் பணியில், கண்ணளவிலே பொருத்தம் பார்த்து முன்கண்ணாடிக்குத் திருகாணிகள் இடப்பட்டன. 90இல் 84, உரிய பருமனைவிட ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சிறுத்தவை. மறுநாள் நடுவானில் கண்ணாடி பறந்தது. விமானி பாதியுடல் வெளியே தொங்க, தோழர்கள் பற்றிக்கொண்டனர். அனைவரும் பிழைத்தனர். "தொழிலாளியின் தவறு" என்று சொல்லி முடித்துவிடலாமா? ஆள்குறைப்பும் அவசரமும் அத்தவற்றில் பங்காளிகள் அல்லவா?

நம் நாட்டுக்கு வருவோம். 2022 ஜூலையில், சான்றளிக்கத் தகுதியுள்ள பொறியாளர் போதாத நிலையைக் கண்டு, உரிய உரிமம் பெற்றவரே விமானங்களை விடுவிக்க வேண்டும் என விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஆணையிட நேர்ந்தது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் 260 உயிர்கள் கருகின. அதற்குப் பராமரிப்பே காரணம் என்று நாம் வாதிடவில்லை. ஆயின் அதே மாதம் பெரிய விமான நிலையங்களில் நடந்த சோதனையில் கண்டதென்ன? பழுதுகள் மீண்டும் மீண்டும் தலைகாட்டின. கண்ட பழுது ஏட்டில் ஏறவில்லை. தேய்ந்த சக்கரத்தால் ஒரு விமானம் நிறுத்தப்பட்டது. இவற்றைக் கண்காணிக்கவேண்டிய இயக்குநரகத்திலோ, 1,063 பணியிடங்களில் நிரம்பியவை 553 மட்டுமே என்று அவ்வாண்டே நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியது. காவலர் பாதி, காலி இடம் பாதி!

"விமானப் பயணமே மிகப் பாதுகாப்பானது" என்பார்கள். உண்மைதான். அந்தப் பாதுகாப்பு விண்ணிலிருந்து விழவில்லை. "இது பறக்கக் கூடாது" என்று சொல்லத் துணிந்தவர்களால் வந்தது. ஒரு மணி நேரத் தாமதமும் முதலாளிக்கு நட்டம். மறுக்கும் பொறியாளருக்கு வேலை பாதுகாப்பு இல்லையெனில், அவர் கையொப்பம் வெறும் மையாகிவிடும்.

ஆகவே நாம் கேட்பன மூன்று. கண்காணிப்புப் பணியிடங்களை உடனே நிரப்புக! அச்சமின்றிப் பழுதைச் சொல்பவருக்குச் சட்டக் காப்பு தருக! களைத்த கண்ணோடு எவரும் கையொப்பமிடாதபடி பணிநேரத்தை வரையறுத்துப் போதிய ஆளமர்த்துக! தொழிலாளியின் உரிமை வேறு, மக்களின் உயிர் வேறு என்று பிரித்துப் பேசுவோரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இழை அறுந்தால் தறியை நிறுத்த ஆரணி நெசவாளி எவர் அனுமதியையும் கேட்பதில்லை. விமானக் கொட்டகையில் நிற்கும் தொழிலாளிக்கும் அந்த உரிமை உறுதியாகட்டும்.