புறப்பட்ட பஸ் போய்ச் சேரட்டும்

தொழிலாளிக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமை உண்டா? உண்டு. பயணியைப் பாதி வழியில் இறக்கிவிட உரிமை உண்டா? இல்லை என்பது என் கருத்து.

2018 ஜனவரி 4 பலருக்கு நினைவிருக்கும். சென்னையில் ஊதியப் பேச்சுவார்த்தை முறிந்தது. அன்று மாலையே அரசு பஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஓடிக்கொண்டிருந்த பஸ்கள் பணிமனைக்குத் திரும்பின. காலையில் வெளியூர் போனவர்கள் இரவில் வீடு திரும்ப வழியில்லாமல் நின்றார்கள்.

நகரவாசிக்கு ரயில் உண்டு. திருவக்கரைக்கு என்ன உண்டு? திண்டிவனம், விழுப்புரம் வரை ரயிலில் வந்துவிடலாம். அதற்கு அப்புறம் பஸ்ஸை விட்டால் ஆட்டோக்காரர் கேட்டதுதான் கூலி. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் பௌர்ணமி. வக்கிரகாளியம்மனைப் பார்க்க வந்த கூட்டம் இந்த வேலைநிறுத்தத்தில் அகப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கைக்குழந்தைக்காரியும் முட்டிவலிக் கிழவரும் இருட்டில் எங்கே போவார்கள்?

தொழிலாளர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஊதியப் பெருக்கம் 2.57 மடங்கு கேட்டார்கள், அரசு 2.44 என்றது. பணி ஓய்வு பெற்றவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கியும் கோரிக்கையில் இருந்தது. முப்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவர் தன் பணத்துக்காகக் காத்துக் கிடப்பது எவ்வளவு கொடுமை என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பயணிக்கு யார் சொல்வது? 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழியாமல் வேலைநிறுத்தம் கூடாது என்றது. அந்த நோட்டீஸ் போவது நிர்வாகத்துக்கு. பஸ் ஸ்டாப்பில் நிற்பவருக்கு அல்ல. இத்தாலியில் 1990இல் வந்த சட்டப்படி, ஐந்து நாள் முன்பே பொதுமக்களுக்கும் தெரிவிக்க வேண்டும். வேலைநிறுத்த நாளிலும் குறைந்தபட்ச சேவை நடக்க வேண்டும். அங்கே சங்கங்கள் ஒன்றும் அழிந்துபோகவில்லை.

ஜனவரி 11இல், பொங்கலுக்கு முன்பே, நீதிமன்றத் தலையீட்டில் வேலைநிறுத்தம் முடிந்தது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரை மத்தியஸ்தராக நியமித்தார்கள். அதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று அரசையும் கேட்க வேண்டும்.

சங்கத்தாரிடம் நான் கேட்பது ஒன்றுதான். தேதியை ஊரறியச் சொல்லுங்கள். டிக்கெட் கிழித்த பிறகு அந்த ட்ரிப்பை முடித்துவிட்டு வண்டியை நிறுத்துங்கள். பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்த பயணி, மறுநாள் உங்கள் பக்கம் நின்று பேசுவார்.