கோப்பை நற்சான்று ஆகாது

2023 ஆகஸ்ட் 20 அன்று சிட்னியில், ஒல்கா கார்மோனா அடித்த ஒற்றை கோலில் இங்கிலாந்தை வீழ்த்தி ஸ்பெயின் மகளிர் அணி உலகக் கோப்பையை வென்றது. முதன்முதலாக உலகக் கோப்பையில் ஆடிய எட்டே ஆண்டுகளில் கிடைத்த மகுடம் அது. இதை ஸ்பெயின் கால்பந்து சம்மேளனம் திட்டமிட்டு வளர்த்த பயிர் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அதை நாம் ஏற்கவில்லை. அந்நாட்டு மகளிர் கால்பந்தின் முக்கியமான திருப்பங்கள், சம்மேளனம் மனமுவந்து கொடுத்தவை அல்ல. வீராங்கனைகள் மல்லுக்கட்டிப் பெற்றவை.

1971 பிப்ரவரியில் முர்சியாவில் போர்ச்சுகலுடன் மோதி 3-3 என்று சமன் செய்த அணிக்குச் சம்மேளனத்தின் அங்கீகாரம் கிடையாது. சட்டையில் அதன் சின்னத்தை அணியவும் அனுமதியில்லை. அதிகாரபூர்வமான முதல் ஆட்டத்துக்கு 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு 1988இல் பயிற்சியாளராக வந்த இக்னாசியோ கெரேடா, 2015 வரை 27 ஆண்டுகள் அதே நாற்காலியில் இருந்தார். ஆண்கள் அணியில் இப்படி ஒருவரை விட்டுவைத்திருப்பார்களா? 2015 கனடா உலகக் கோப்பையில் ஒரு சமன், இரண்டு தோல்வியோடு அணி திரும்பியதும், 23 வீராங்கனைகளும் சேர்ந்து அவர் விலக வேண்டும் என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். அதன் பிறகுதான் அவர் போனார்.

அடுத்து வந்த ஹோர்ஹே வில்டா காலத்திலும் கதை மாறவில்லை. 2022 செப்டம்பரில், அணியின் சூழல் தங்கள் மனநிலையையும் உடல்நலத்தையும் பாதிக்கிறது என்று 15 பேர் மின்னஞ்சல் அனுப்பினார்கள். என்ன குறை என்று உட்கார்ந்து கேட்பதற்குப் பதிலாக, மன்னிப்புக் கேட்டால்தான் அணியில் இடம் என்றது சம்மேளனம். அந்த 15 பேரில் உலகக் கோப்பைக்குப் போனவர்கள் மூவர் மட்டுமே.

சம்மேளனத்துக்குப் பங்கே இல்லை என்பது நம் வாதமல்ல. 2018, 2022 ஆண்டுகளில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைகளை ஸ்பெயின் சிறுமிகள் வென்றதில் அதன் இளையோர் பயிற்சி முறைக்கு இடமுண்டு. ஆனால் அந்தச் சிறுமிகள் வளர்ந்தபின் கால்பந்தையே தொழிலாகக் கொள்ள வழி செய்தது எது? பார்சிலோனா போன்ற கிளப்புகள் போட்ட பணமும், 2019 நவம்பரில் லீக் வீராங்கனைகள் நடத்திய வேலைநிறுத்தமும்தான். அதன் விளைவாக 2020இல் கையெழுத்தான முதல் கூட்டு ஒப்பந்தம் ஆண்டுக்கு 16,000 யூரோ குறைந்தபட்ச ஊதியத்தை உறுதி செய்தது. உலக சாம்பியன்களான பிறகும், 2023 செப்டம்பரில் லீக் தொடக்கத்திலேயே ஆட்டத்தைப் புறக்கணித்துத்தான் அந்தத் தொகையை 21,000 ஆக்க முடிந்தது.

கோப்பை கைக்கு வந்த அன்றே மேடையில் சம்மேளனத் தலைவர் லூயிஸ் ரூபியாலெஸ், வீராங்கனை ஜென்னி ஹெர்மோசோவைச் சம்மதமின்றி முத்தமிட்டதை உலகமே பார்த்தது. ஐந்து நாள் கழித்துக் கூடிய சம்மேளனப் பொதுச்சபையில், பதவி விலக மாட்டேன் என்று ரூபியாலெஸ் முழங்கினார். அவையில் கைதட்டல் எழுந்தது. முத்தத்தைவிட அந்தக் கைதட்டல்தான் நம்மை அதிகம் கவலைப்பட வைக்கிறது. ஒருவர் தவறு செய்யலாம். ஒரு சபை அதைக் கொண்டாடுகிறது என்றால், நோய் நிர்வாகத்தின் எலும்பு வரை போயிருக்கிறது. 81 வீராங்கனைகள் தேசிய அணிக்கு ஆட மாட்டோம் என்று அறிவித்தார்கள். ஃபிஃபா ரூபியாலெஸை இடைநீக்கம் செய்தது. செப்டம்பரில் வில்டா நீக்கப்பட்டார், ரூபியாலெஸும் விலகினார். 2025 பிப்ரவரியில் ஸ்பெயின் நீதிமன்றம் அவரைப் பாலியல் அத்துமீறல் குற்றவாளி என்று தீர்ப்பளித்து 10,800 யூரோ அபராதம் விதித்தது.

அணிக்குத் திறமைப் பஞ்சமில்லை. 2021 முதல் 2025 வரை ஐந்து மகளிர் பாலோன் தோர் விருதுகளும் அலெக்சியா புட்டெயாஸ், ஐத்தானா பொன்மாத்தி என்ற இரு ஸ்பானியர்களுக்கே போயின. 2025 யூரோ இறுதியாட்டத்தில் பெனால்டி ஷூட் அவுட்டில்தான் இங்கிலாந்திடம் தோற்றது அணி. மாற வேண்டியது நிர்வாகம். 2030இல் ஆண்கள் உலகக் கோப்பையை ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோவுடன் சேர்ந்து நடத்துகிறது, பணம் கொட்டும். அதில் மகளிர் கால்பந்துக்கு, குறிப்பாகக் கீழ்நிலை லீகுகளுக்கு, இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். பயிற்சியாளர் தேர்வில் வீராங்கனைகளின் கருத்தைக் கேட்பது விதியாக வேண்டும். ஆண்கள் நிறைந்த அந்தப் பொதுச்சபையில், முடிவை மாற்றக்கூடிய எண்ணிக்கையில் பெண்கள் உட்கார வேண்டும். இன்னொரு வேலைநிறுத்தம் வரும்வரை சம்மேளனம் இதற்காகக் காத்திருக்கக் கூடாது.